சிலிங்குக்குள் ஏறும் முன்: நம்பி எடுத்துச் செல்ல ஒரு டார்ச்லைட்

செந்தூலில் ஒரு பழைய டெரஸ் வீட்டுச் சிலிங்குக்குள் நான் முதல் தடவை ஏறியபோது டார்ச்லைட் என் வாயில் இருந்தது. ஒரு கையில் பிளையர், மறு கையில் வயர், முழங்கால் இரண்டும் ஒரே மரச்சட்டத்தின் மேல். லைட்டைப் பிடிக்க வேறு இடமில்லை. அலுமினிய டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக் கால் மணி நேரம் வேலை செய்தேன். பிறகு வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்து நின்றுபோனது. மெயினை ஆஃப் செய்திருந்ததால் வீட்டிலும் லைட் இல்லை. எது சட்டம், எது வெறும் சிலிங் அட்டை என்று கையால் தடவிப் பார்க்க வேண்டியதாயிற்று. அட்டை ஆள் பாரம் தாங்காது. காலை மாற்றி வைத்தால் நேரே ஹாலுக்குள் விழ வேண்டியதுதான். கீழே நின்ற அண்ணன் ஏணியில் ஏறி வந்து தன் லைட்டை நீட்டும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு கோலாலம்பூரில் எத்தனையோ சிலிங், எத்தனையோ சிங்க் அடி, எத்தனையோ ஏர்கோன் மேடை பார்த்தாகிவிட்டது. வயரிங், ஏர்கோன், பைப் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, எத்தனை லூமன் வாங்கலாம்?" லூமன் பற்றியும் சொல்கிறேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு லூமனை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் இரண்டாவது மாதமே இன்னொன்று வாங்குகிறார்கள்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: அடுத்த சில மாதங்களில் எந்தெந்த இடத்துக்குள் தலையை நுழைக்கப் போகிறீர்கள்? ஓட்டு வீட்டுச் சிலிங்கா, கொண்டோவில் ஏர்கோன் கம்ப்ரஸர் வைக்கும் குறுகிய மேடையா, சமையலறை சிங்க் அடியில் இருக்கும் அலமாரியா, ஃபிளாட்டில் கேபிள் ஏறிப் போகும் சின்ன அறையா, காடிக்கு (காருக்கு) அடியிலா? எழுதிப் பார்த்தால் ஒன்று புரியும். எல்லா இடத்திலும் நீங்கள் பார்க்க வேண்டிய பொருள் ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு முழம் தூரத்தில்தான் இருக்கிறது. இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தைக் காட்டுகிற லைட்டால் அங்கே ஒரு பயனும் இல்லை.

ஒரு இடத்தை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மேன்ஹோல், மலக்குழி, மூடிய தண்ணீர்த் தொட்டி, எண்ணெய் அல்லது ரசாயனம் வைத்த டாங்கி, இவற்றுக்குள் இறங்குவது வேறு வகை வேலை. அங்கே ஆக்ஸிஜன் குறைந்திருக்கலாம், விஷவாயு தேங்கியிருக்கலாம், தீப்பிடிக்கிற வாயுவும் இருக்கலாம். சாதாரண டார்ச்லைட்டின் சுவிட்சில் வரும் சின்னப் பொறிகூட அங்கே தீப்பிடிக்கப் போதும். மலேசியாவில் இதற்கென்று வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி 2010-இல் வெளியிட்ட நடைமுறை விதித்தொகுப்பு இருக்கிறது. உள்ளே போகிறவர், வெளியே காவல் நிற்பவர், வாயுவை அளப்பவர் எல்லாருக்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு. நியோஷ் என்ற வேலையிடப் பாதுகாப்புப் பயிற்சி நிறுவனம் அதை நடத்துகிறது. அங்கே பயன்படுத்தும் லைட்டில், தீப்பிடிக்கிற வாயு உள்ள இடத்துக்கு ஏற்றது என்று காட்டும் அட்டெக்ஸ் அல்லது ஐ.இ.சி.இ.எக்ஸ் முத்திரை இருக்க வேண்டும், அதுவும் அந்த இடத்தின் வகைக்குப் பொருந்தியதாக. "ஐந்து நிமிஷ வேலைதான், சும்மா இறங்கு" என்று யார் சொன்னாலும் இறங்க வேண்டாம். உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறக்கிற விபத்துகள் இந்த இடங்களில்தான் நடக்கின்றன.

இனி நான் சொல்வதெல்லாம் காற்றோட்டம் உள்ள, சாதாரண இருட்டு இடங்களுக்கு.

கையா, தலையா

குறுகிய இடத்தில் இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். அதனால் முதல் லைட் தலையில் மாட்டுவதாக இருக்கட்டும். கடையில் 'லம்பு கெப்பாலா' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். கண் போகிற பக்கம் வெளிச்சமும் போகும், உங்கள் கையின் நிழல் வேலையின் மேல் அதிகம் விழாது.

ஆனால் எல்லாத் தலை லைட்டும் சிலிங்குக்கு ஒத்துவராது. சில மாடல்களில் முன்பக்கம் பெரிய தலை, பின்பக்கம் பேட்டரிப் பெட்டி என்று இருக்கும். காட்டில் நடக்க அது நல்லது, எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். சிலிங்கில் ஊர்ந்து போகும்போது அந்தப் பின்பக்கப் பெட்டி ஓட்டுச் சட்டத்தில் இடிக்கும், மல்லாந்து படுத்து வேலை செய்தால் பின்மண்டையில் குத்தும். நெற்றியை ஒட்டி மெலிதாக இருக்கிற வகையைப் பாருங்கள்.

நான் பல வருஷமாகப் பயன்படுத்துவது 'எல்' வடிவ டார்ச். குழாய் மாதிரி உடம்பு, வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் வரும். தலைப்பட்டையில் சொருகினால் தலை லைட். பட்டையிலிருந்து உருவினால் கை லைட். சட்டைப் பையில் கிளிப்பால் மாட்டினால் முன்னால் வெளிச்சம். அடியில் காந்தம் இருந்தால் இரும்பில் ஒட்டி வைத்துவிடலாம். ஆர்மிடெக், ஸ்கில்ஹன்ட் போன்ற கம்பெனிகள் இந்த வகையைச் செய்கின்றன. விலை குறைவான சீன மாடல்களிலும் நல்லவை உண்டு. ஒரே ஒரு லைட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இந்த வகையை வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம்.

காந்தம் எங்கே ஒட்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் கம்ப்ரஸரின் இரும்புக் கூட்டில் ஒட்டும். புது வீடுகளின் கூரையில் வருகிற முலாம் பூசிய இரும்புச் சட்டங்களில் ஒட்டும். பழைய வீட்டு மரச்சட்டத்திலும் அலுமினிய ஜன்னலிலும் ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்கில் பெரும்பாலும் ஒட்டாது, அது தெரியாமல் ஒட்ட வைத்துக் கைவிட்டால் லைட் நேரே தண்ணீருக்குள் போகும். காந்தம் உள்ள டார்ச்சைத் தரையில் வைத்து எடுத்தால் இரும்புத் தூளெல்லாம் அதன் அடியில் சேர்ந்திருக்கும். மின்பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் முன் துடைத்துவிடுங்கள்.

தலை லைட்டிலும் ஒரு குறை இருக்கிறது. கண்ணுக்கு நேர் மேலேயிருந்து வெளிச்சம் விழுவதால் மேடு பள்ளம் தெரியாது. பைப்பில் மயிரிழை விரிசல், சிலிங் அட்டையில் தண்ணீர் கசிந்த உப்பல், எலி கடித்த வயரின் பொளிவு, இதெல்லாம் நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும். லைட்டைக் கையில் எடுத்து, பொருளின் மேற்பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். சின்ன விரிசலும் நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக் கொடுக்கும். கசிவு தேடும் வேலையில் இந்த ஒரு பழக்கம் எனக்கு மணிக்கணக்கில் நேரம் மிச்சம் செய்து கொடுத்திருக்கிறது. அதனால்தான் இரண்டாவதாக ஒரு கை லைட்டும் வேண்டும் என்கிறேன். தலையில் ஒன்று, பாக்கெட்டில் ஒன்று. தலையில் இருப்பது அணைந்தால் வெளியே வர பாக்கெட்டில் இருப்பது உதவும். அது சின்னதாக, ஒரு டிரிபிள் ஏ பேட்டரி போடுகிற மாதிரி இருந்தால்கூடப் போதும்.

பரந்த வெளிச்சம்

இப்போது லூமன். லூமன் என்பது லைட்டிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. அது ஒரே புள்ளியில் குவிகிறதா, பரந்து விழுகிறதா என்பதை லூமன் சொல்லாது. நமக்கு வேண்டியது பரந்து விழுவது. குவிந்த வெளிச்சத்தில் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் கண்ணைக் குத்தும், சுற்றிலும் இருட்டாக இருக்கும். அந்த இருட்டில்தான் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி இருக்கும்.

நம் ஊர் ஓட்டு வீடுகளில் ஓட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்க அலுமினியத் தாள் விரித்திருப்பார்கள். ஆயிரம் லூமன் லைட்டை அங்கே முழு வேகத்தில் அடித்துப் பாருங்கள், கண்ணாடியில் ஹெட்லைட் அடித்த மாதிரி முகத்துக்கே திரும்பி வரும். கண் சுருங்கிவிடும், அதற்குப் பிறகு மங்கலான மூலை எதுவும் தெரியாது. என் அனுபவத்தில் கைக்கெட்டும் தூர வேலைக்கு 50 முதல் 150 லூமன் வரை போதும். சிலிங்கின் மறுகோடி வரை ஒரு தடவை பார்த்து, எந்தச் சட்டத்தின் மேல் போகலாம் என்று தீர்மானிக்க 300, 400 லூமன் இருந்தால் நல்லது. அதற்கு மேல் இருப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அதற்காக அதிகக் காசு கொடுக்க வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை எப்படி நம்புவது? எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தர அளவு ஒன்று 2009-இல் வந்தது. அதன்படி அளந்த லைட்டாக இருந்தால் பெட்டியில் சின்னச் சின்னப் படங்களோடு அளவுகளைப் போட்டிருப்பார்கள். அந்த அளவுகளுக்குத் திட்டமான பொருள் உண்டு. வெளிச்சத்தை ஆன் செய்த உடனே அளப்பதில்லை, 30 வினாடி கழித்துத்தான் அளக்கிறார்கள். 'இத்தனை மீட்டர் தூரம்' என்பது, வெளிச்சம் 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) குறையும் இடம் வரை. கிட்டத்தட்ட முழுநிலவு வெளிச்சம் அளவு. 'இத்தனை மணி நேரம் எரியும்' என்பதை மட்டும் கவனமாகப் படியுங்கள். தொடக்கத்தில் இருந்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரம் அது. 400 லூமன், 5 மணி நேரம் என்று போட்டிருந்தால், ஐந்து மணி நேரமும் 400 லூமன் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. கடைசியில் 40 லூமன்தான் இருக்கலாம். நேரம் போகப் போக வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று கோட்டுப் படம் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். தட்டையாக நீண்டு போகிற கோடு நல்ல லைட்டின் அடையாளம்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பெட்டி மேல் லட்சம் லூமன் என்று போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் அடங்கும் டார்ச்சுக்கு அந்த எண் பொய். அந்த வகைகளில் பலவற்றில் முன்தலையை இழுத்துத் தள்ளினால் வெளிச்சம் குவியும், விரியும். அந்த அசைவு இடைவெளி வழியாகத்தான் தூசும் தண்ணீரும் உள்ளே போகின்றன. வேலைக்கு அது வேண்டாம்.

நிறம் சரியாகத் தெரிகிறதா

வயர் வேலை செய்கிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். லைட் எவ்வளவு வெளிச்சம் என்பதைப் போலவே, அது நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்பதும் முக்கியம். அதற்கு சி.ஆர்.ஐ என்ற அளவு இருக்கிறது, அதிகபட்சம் 100. மலிவான நீலவெள்ளை எல்.இ.டி-க்களில் அது பெரும்பாலும் 70-ஐ ஒட்டி இருக்கும். 90-க்கு மேல் இருந்தால் நிறங்கள் பகல் மாதிரி தெரியும். அந்தச் சராசரி எண்ணில் அடர் சிவப்பு சேராது. அதற்குத் தனியாக ஆர்9 என்ற அளவு உண்டு, நல்ல கம்பெனிகள் அதையும் சொல்லும். ஜப்பானின் நிச்சியா கம்பெனியின் 519ஏ போன்ற எல்.இ.டி-க்கள் இதற்குப் பெயர் பெற்றவை. லைட்டின் விவரத்தில் அந்தப் பெயர் இருந்தால் நல்ல அடையாளம்.

இது ஏன் உயிர் விஷயம் என்றால், பழைய வீடுகளில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. சாதனங்களின் வயரில் லைவ் பிரவுன், நியூட்ரல் நீலம். பழைய த்ரீ-ஃபேஸ் வயரிங் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் லைவ். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை ஆள்கள் கை வைத்திருந்தால் எல்லா நிறமும் கலந்து கிடக்கும், அதன் மேல் இருபது வருஷத் தூசு வேறு. மோசமான எல்.இ.டி வெளிச்சத்தில் சிவப்பும் பிரவுனும் ஒன்றாகத் தெரியும், கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். நல்ல லைட் அந்தக் குழப்பத்தைக் குறைக்கும். ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பி எந்த வயரையும் தொடக் கூடாது. மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரால் சோதித்து, அதன் பிறகுதான் தொட வேண்டும். வயரிங் வேலையைச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் ஒருவரின் பொறுப்பில்தான் செய்ய வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வெளிச்சத்தின் சாயல் 4000 முதல் 5000 கெல்வின் வரை இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். 6500 கெல்வினில் எல்லாம் நீலம் பூத்துத் தெரியும், தூசி மேல் பட்டுப் புகை மாதிரி கலங்கும்.

பேட்டரி

லைட் நம்பிக்கையானதா என்பதைப் பாதிக்கு மேல் பேட்டரிதான் தீர்மானிக்கிறது. உங்கள் முன் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, டபுள் ஏ, டிரிபிள் ஏ. எந்த 24 மணி நேரக் கடையிலும் கிடைக்கும், வேலை நடுவில் தீர்ந்தால் கீழே போய் வாங்கி வரலாம். ஆனால் சாதாரண அல்கலைன் பேட்டரியை லைட்டுக்குள் மாதக் கணக்கில் விட்டுவைத்தால் அது ஒழுகும், உள்ளே வெள்ளையாகப் பூத்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். ஒரு நல்ல டார்ச்சை நான் இப்படித்தான் இழந்தேன். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி, எனலூப் போன்ற வகை, அப்படி எளிதில் ஒழுகாது. சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காது. பாக்கெட் லைட்டுக்கு அதையே போடுங்கள்.

இன்னொன்று, 18650 என்ற லித்தியம் செல். பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். 3.6 அல்லது 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஒரு நாள் முழுக்க வேலை செய்ய இதுதான் சரி. தலை லைட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பேட்டரி கழற்றக் கூடியதாக இருக்கட்டும். உடம்போடு ஒட்டி மூடிய பேட்டரி என்றால், செல் கெட்ட அன்று லைட்டையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

18650 வாங்கும்போது ஏமாற வேண்டாம். செல்லின் மேல் கொள்ளளவு 9900 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால் அந்தக் கடையில் பேட்டரியே வாங்காதீர்கள். பேர் பெற்ற கம்பெனிகளின் நல்ல செல்லே பெரும்பாலும் 3500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான் இருக்கும். ஒன்று 45 கிராமுக்கு மேல் எடை இருக்கும். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி லேசாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த செல்லை "சும்மா கொடுக்கிறேன்" என்றாலும் வேண்டாம். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல் ஒரு சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், உங்கள் லைட்டில் நுழைகிறதா என்று பார்த்து வாங்குங்கள். உபரி செல்லைச் சாவிக் கொத்தோடு பாக்கெட்டில் போடக் கூடாது. இரண்டு முனையும் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கலாம். அதற்கென்று பிளாஸ்டிக் டப்பா சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. வெயிலில் நிறுத்திய வேனின் டேஷ்போர்டில் லைட்டையோ செல்லையோ விடாதீர்கள். மதிய வெயிலில் நம் ஊர் வேனுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சார்ஜ் செய்யும் துளை டைப்-சி-யாக இருந்தால் கைப்பேசிச் சார்ஜரே போதும். ஒரு சின்னச் சிக்கல்: சில லைட்கள் இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சார்ஜ் ஏறாது, ஒரு முனை பழைய அகல யு.எஸ்.பி-யாக இருக்கும் கேபிளில்தான் ஏறும். லைட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. பெட்டியில் வந்த கேபிளைப் பத்திரமாக வையுங்கள்.

பட்டன், துடிப்பு, சூடு

பட்டனைக் கையுறை போட்ட விரலால், பார்க்காமல் தேடிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். முதல் அழுத்தில் மெல்லிய வெளிச்சம், அல்லது கடைசியாக வைத்த வெளிச்சம் வர வேண்டும். ஒவ்வொரு அழுத்துக்கும் வேகம், நிதானம், மினுக்கு மினுக்கு என்று சுற்றி வருகிற லைட் வேண்டாம். வயரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு முன்னால் மின்னல் அடிப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

மலிவான லைட்கள் வெளிச்சத்தைக் குறைக்க, எல்.இ.டி-யை வேகமாக அணைத்து அணைத்து எரிக்கின்றன. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுழல்கிற விசிறி மேல் அந்த வெளிச்சம் பட்டால், விசிறி மெதுவாகச் சுற்றுவது போலவோ நின்றுவிட்டது போலவோ தெரியலாம். ஏர்கோன் வேலை செய்கிறவர்களுக்கு இது ஆபத்து. கைப்பேசி கேமராவை லைட்டுக்கு நேரே பிடித்துத் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அந்த லைட்டை வாங்க வேண்டாம்.

சக்தி வாய்ந்த சின்ன லைட் முழு வேகத்தில் ஓரிரு நிமிஷத்தில் கொதிக்கும். நல்ல லைட் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், அது கோளாறு அல்ல. கூரைக்கடியில் மதியம் இருக்கும் சூட்டில் இன்னும் சீக்கிரம் குறையும். எரிகிற லைட்டின் முகத்தைத் துணியிலோ தூசியிலோ கவிழ்த்து வைத்தால் பொசுக்கிவிடும். பையில் போடும் முன் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள், அப்போது தவறி அழுத்தினாலும் எரியாது. எல்லா மாடலிலும் இது வேலை செய்யாது, வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள்.

தண்ணீருக்கு ஐ.பி.எக்ஸ் 4 என்றால் தெறிப்பைத் தாங்கும், வியர்வைக்கும் மழைத் தூறலுக்கும் போதும். ஏர்கோன் கழுவுகிறவர்கள், பைப் வேலை செய்கிறவர்கள் ஐ.பி.எக்ஸ் 7 வாங்குங்கள், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். விழுந்தால் தாங்கும் உயரம் ஒரு மீட்டர் என்று போட்டிருப்பார்கள். சிலிங்கிலிருந்து தரை மூன்று மீட்டர். கை லைட்டுக்கு ஒரு கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டுங்கள், லைட்டுக்காக மட்டுமல்ல, கீழே நிற்பவரின் தலைக்காகவும்.

கடையில் செய்ய வேண்டியவை

புடு பக்கம் ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆன்லைனில் வாங்குவதானாலும் முதல் லைட்டை நேரில் பார்த்து வாங்குங்கள். தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) கேட்டால் பேட்டரி போட்டுக் காட்டுவார். கூடவே சிவப்பு, பிரவுன், நீலம், கறுப்பு என்று நாலு துண்டு வயர் கொண்டுபோங்கள்.

முதலில் தலையில் மாட்டிக்கொள்ளுங்கள். குனியுங்கள், நிமிருங்கள், வேகமாகத் தலையை ஆட்டுங்கள். கீழே வழுகினால் பட்டை சரியில்லை. வெளிச்சக் கோணத்தை ஒரு விரலால் மாற்ற முடிகிறதா, மாற்றிய இடத்தில் நிற்கிறதா? அடுத்து, கடையின் மேசைக்கு அடியிலோ பெட்டிகளுக்கு நடுவிலோ இருட்டான இடம் தேடி, ஒரு முழம் தூரத்தில் அடியுங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல், ஓரம் மெதுவாகக் கரைகிற வெளிச்சம் வேண்டும். அங்கேயே வயர் துண்டுகளைப் பாருங்கள். பிறகு உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள். ரத்த ஓட்டத்தின் சிவப்பு தெரிந்தால் நல்ல லைட். சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் இன்னொன்றைக் கேளுங்கள். கேமரா சோதனை, கையுறை சோதனை. கடைசியாக, எரிகிற லைட்டை உள்ளங்கையில் தட்டுங்கள். ஒரு நொடி மினுங்கினாலும் உள்ளே தொடர்பு தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். அது சிலிங்கில் நிச்சயம் அணையும்.

உத்தரவாதம் எத்தனை மாதம், கெட்டால் இங்கேயே கொண்டு வரலாமா என்று கேட்டு ரசீதை வாங்கி, உடனே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ரசீதின் எழுத்து நம் ஊர்ச் சூட்டில் மங்கிப் போகும்.

வாங்கிய பிறகு

முதல் இரவே முழு சார்ஜ் ஏற்றி, நீங்கள் வேலைக்கு வைக்கப் போகும் நடுத்தர வெளிச்சத்தில் எரிய விட்டு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். தூங்கப் போகாமல், கண் முன்னால் வைத்துச் செய்யுங்கள். உங்கள் லைட் உண்மையில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். அணைவதற்கு முன் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, படிப்படியாக மங்குகிறதா, சட்டென்று நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சட்டென்று நிற்கிற லைட் என்றால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல் மாற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு தடவை மூடியைக் கழற்றி மரையைச் சுத்தமான துணியால் துடைத்து, ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு தடவுங்கள். பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம், சில ரப்பரை அது உப்ப வைக்கும். தலைப்பட்டையை வாரம் ஒரு தடவை சோப்பு போட்டுத் துவையுங்கள். சிலிங்கில் எலிப் புழுக்கையும் எலி மூத்திரமும் கிடக்கும், எலிக் காய்ச்சல் நம் நாட்டில் உள்ள நோய். அந்தப் பட்டை நாள் முழுக்க உங்கள் நெற்றியில், வியர்வையோடு ஒட்டியிருக்கிறது.

வேலைக்குப் போன இடத்தில் வரிசை இதுதான். ஏணி வைக்கும் முன் இரண்டு லைட்டையும் எரிய வைத்துப் பாருங்கள். சின்னதைப் பாக்கெட்டில் போட்டு ஜிப்பை மூடுங்கள். பெரியதைத் தலையில் மாட்டி, மெல்லிய வெளிச்சத்தில் ஆன் செய்யுங்கள். அதற்குப் பிறகு டி.பி பாக்ஸ் (வீட்டு மின்பெட்டி) முன்னால் போய் மெயினை ஆஃப் செய்யுங்கள். வீட்டில் யாராவது இருந்தால், "நான் இறங்கி வரும் வரை இதைத் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.